லெஃப்ட் ஓவர் என்றால் இடது பக்கமா?

மூன்றாம் வகுப்புக் கணக்குத் தாள். கேள்வி இதுதான்: 26 பிள்ளைகளை நாலு நாலு பேராகக் குழு பிரிக்கிறார்கள், "ஹவ் மெனி சில்ட்ரன் ஆர் லெஃப்ட் ஓவர்?" அதாவது, மிச்சம் எத்தனை பேர்? பையனுக்கு வகுத்தல் நன்றாகவே தெரியும். தாளின் ஓரத்தில் ஆறு நாலு இருபத்து நாலு என்று போட்டுப் பார்த்திருக்கிறான், கீழே 2 என்று எழுதி வட்டம் கூடப் போட்டிருக்கிறான். விடை எழுதவேண்டிய கோடு மட்டும் காலியாகக் கிடந்தது. கூப்பிட்டு, ஏன்டா எழுதவில்லை என்று கேட்டேன். "இடது பக்கம் எத்தனை பேர்னு கேக்குறாங்க மிஸ். படமே போடலையே" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் சிரித்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் அவன் தப்பு எதுவும் சொல்லவில்லை. லெஃப்ட் என்றால் இடது என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஓவர் அவனுக்குத் தெரியும், "ஓவரா பண்ணாத" என்று தினமும் காதில் விழுகிற சொல். தெரியாத சொல் ஒன்று இருந்திருந்தால் கையைத் தூக்கிக் கேட்டிருப்பான். இங்கே தெரியாத சொல்லே இல்லை. வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டி வரும் ஃப்ரேசல் வெர்ப் என்கிற சங்கதியில் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தெரிந்த இரண்டு சொற்கள் கைகோத்துக்கொண்டு தெரியாத ஒன்றாகி நிற்கும், பிள்ளைக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாது. (லெஃப்ட் ஓவரை இலக்கணக்காரர்கள் வினை என்று ஒப்புக்கொள்வார்களா, பெயரடை என்பார்களா என்பது வேறு சண்டை. மூன்றாம் வகுப்புக்கு அந்தச் சண்டை வேண்டாம்.)

அன்றைக்குப் பள்ளி விட்டதும் ஒரு வேலை செய்தேன். கணக்கு, அறிவியல் புத்தகங்கள், பழைய வினாத்தாள் கட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இந்த மாதிரி இரட்டைச் சொல் வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். அரை மணி நேரத்தில் பென்சில் மொட்டை. ஃபைண்ட் அவுட், வொர்க் அவுட், ரைட் டவுன், ஃபில் இன், கிராஸ் அவுட், லீவ் அவுட், ஆட் அப், டேக் அவே, ரவுண்ட் அப், பிரேக் டவுன், மேக் அப், கேரி அவுட், செட் அப், லுக் அப், பாயிண்ட் அவுட், கோ ஓவர். பாதி கேள்விகளின் முதல் சொல்லே இவைதான். அதாவது பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று சொல்கிற சொல்.

அப்புறம் என் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஃப்ரேசல் வெர்ப் பாடம் அதிலும் இருக்கிறது. வேக் அப், கெட் அப், புட் ஆன், டேக் ஆஃப், சிட் டவுன். காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயிற்று, அதோடு பாடம் முடிந்தது. வினாத்தாளில் வருகிற எதுவும் அதில் இல்லை. கணக்கு வாத்தியார் "அது இங்கிலீஷ் மிஸ் வேலை" என்று நினைக்கிறார், நான் "அது கணக்குப் பாடத்துச் சொல்" என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நடுவில் பிள்ளை இடது பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு சார் கேட்டார், "ஏம்மா, ஃப்ரேசல் வெர்ப் எல்லாம் பேச்சு இங்கிலீஷ் ஆச்சே, பாட இங்கிலீஷ்ல அதைத் தவிர்க்கணும்னுதானே சொல்வாங்க?" நியாயமான கேள்வி. பெரிய வகுப்புக் கட்டுரைகளில் புட் ஆஃப் வேண்டாம், போஸ்ட்போன் என்று எழுது என்று திருத்துவார்கள். ஆனாலும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் கேரி அவுட்டும் பாயிண்ட் அவுட்டும் செட் அப்பும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். சின்ன வகுப்பில் இன்னொரு கூத்து நடக்கிறது. புத்தகம் எழுதுகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இன்வெஸ்டிகேட்டை எடுத்துவிட்டு ஃபைண்ட் அவுட் போடுகிறார்கள். ஒமிட்டுக்குப் பதில் லீவ் அவுட், டெலீட்டுக்குப் பதில் கிராஸ் அவுட், கால்குலேட்டுக்குப் பதில் வொர்க் அவுட்.

ஆங்கிலம் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைக்கு இது உண்மையிலேயே சுலபம். ஃபைண்ட் அவுட்டை அது மூன்று வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கும், இன்வெஸ்டிகேட்டைப் பள்ளிக்கு வந்துதான் பார்க்கும். இன்வெஸ்டிகேட், கால்குலேட் மாதிரிச் சொற்கள் லத்தீனிலிருந்து வந்து படித்தவர் பேச்சில் உட்கார்ந்தவை. ஃபைண்ட், அவுட், வொர்க், டவுன் எல்லாம் ஆங்கிலத்தின் பழைய வீட்டுச் சொற்கள். நம் பிள்ளைக்குக் கதை தலைகீழ். கால்குலேட் என்றால் கால்குலேட்டர் தெரியும், பிடித்துக்கொள்ளும். டெலீட் கைபேசியில் தினமும் அழுத்துகிற சொல். அகராதியில் தேடினால் ஒரே இடத்தில் கிடைக்கும், ஒரே பொருள். கேரி அவுட்டை எங்கே தேடும்? கேரியில் பார்த்தால் தூக்கு, அவுட்டில் பார்த்தால் வெளியே. ஆக, சுலபமாக்கப்பட்ட ஆங்கிலம்தான் நமக்குக் கஷ்டமான ஆங்கிலம். இதை ஒத்துக்கொள்ள எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது.

கேரி அவுட் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மிதக்குமா மூழ்குமா என்று பார்க்கும் சோதனை. தண்ணீர்த் தொட்டி, ஒரு கல், ஒரு இலை, ஒரு பென்சில், ஒரு நாணயம் எல்லாம் மேசைமேல். கரும்பலகையில் "கேரி அவுட் த எக்ஸ்பெரிமென்ட்" (சோதனையைச் செய்) என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். இரண்டு பெண்பிள்ளைகள் தொட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல், அடி அடியாக நகர்ந்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒருவன் கல்லும் இலையுமாகப் போகிறான். வெளியே வைத்துவிட்டு அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். எழுதியதைத்தானே செய்தார்கள்! அன்றைக்குச் சோதனையை வெளியிலேயே நடத்தி முடித்தேன். அந்த வகுப்பில் கேரி அவுட்டை யாரும் இனி மறக்கப்போவதில்லை, அது வேறு.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்குப் பெரிய சிரமம் என்று எழுதிவைத்திருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்கிற பெயரே ரொம்பப் பிற்பாடுதான் வருகிறது. பெயர் வைக்கும் முன்பே ஆள் அடாவடி செய்துகொண்டிருந்திருக்கிறார்.

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நான் முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் செய்வதுபோல ஒரு வினையை எடுத்து அதன் குடும்பத்தையே வரிசையாக எழுதிப் போட்டேன். லுக் அப், லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு, லுக் அவுட். பார்க்க அழகாக இருக்கும், ஒரு பக்கம் நிறையும், மறுநாள் கேட்டால் ஐந்தும் ஒன்றோடொன்று குழம்பிக் கூழாகியிருக்கும். ஒரே முகச்சாடையில் ஐந்து பேரை ஒரே நாளில் அறிமுகப்படுத்திவிட்டு மறுநாள் பெயர் கேட்டால் நமக்கு மட்டும் நினைவிருக்குமா என்ன? இப்போது வாரத்துக்கு இரண்டுதான், அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வினைகள், அந்த வாரம் கணக்கிலோ அறிவியலிலோ நிஜமாகவே வரப்போகிறவை. எந்த இரண்டு என்பதை நான் முடிவு செய்வதில்லை, மற்றப் பாட ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அதிகம் புழங்கும் ஃப்ரேசல் வெர்ப்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் போட்ட பட்டியல்கள் உண்டு. கார்ட்னரும் டேவிஸும் 2007-இல் ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பை அலசிப் பார்த்து, வெறும் 20 வினைகளும் 8 ஒட்டுச் சொற்களும் சேர்ந்தே பாதிக்கு மேற்பட்ட இடங்களை அடைத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். 2015-இல் கார்னியேயும் ஷ்மிட்டும் 150 ஃப்ரேசல் வெர்ப்களை எடுத்து அவற்றில் முக்கியமான பொருள்கள் 288 என்று கணக்குப் போட்டார்கள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டு பொருள். நல்ல வேலைதான், எனக்கும் ஒரு விதத்தில் உதவியது: ஒன்றுக்கு ஒரு பொருள் மட்டும் சொல், மற்றதைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற தைரியம் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரியவர்களின் ஆங்கிலத்தை அளந்தவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவுகோல் அதன் கணக்குப் புத்தகம்தான். என் பென்சில் கோடு போட்ட பட்டியலை நான் இன்னும் விடவில்லை.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு நாள் ஃபைண்ட் அவுட்டுக்குத் தமிழில் என்ன என்று கேட்டேன், "கண்டுபிடி" என்று மொத்த வகுப்பும் கத்தியது. கரும்பலகையில் கண்டு, பிடி என்று இரண்டாகப் பிரித்து எழுதினேன். "கண்டு என்றால்?" "பாத்து." "பிடி என்றால்?" "பிடிக்கிறது." "அப்போ விடையைக் கண்டுபிடி என்றால் விடையைப் பார்த்து ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டுமா?" ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒரே சிரிப்பு. அதன் பிறகு அவர்களாகவே கொட்ட ஆரம்பித்தார்கள். தள்ளிப்போடு: எதைத் தள்ளுகிறோம், எங்கே போடுகிறோம்? கைவிடு: கையை எங்கே விட்டோம்? ஒத்துப்போ: எங்கே போகிறது? ஒருத்தி எழுந்து, "கேட்டுப் பார்னு சொல்றோமே மிஸ், காதுல கேக்குறதை எப்படிப் பாக்குறது?" என்றாள். எனக்கு அப்படியே அவளைத் தூக்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பாடிப் பார், எழுதிப் பார், தொட்டுப் பார், எதிலும் கண்ணுக்கு வேலையில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சில் இத்தனை வித்தை இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தார்கள்.

இரண்டு சொல் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதில்லை, ஆங்கிலத்திலும் அதே வேலை நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் மட்டும் காட்டவேண்டும். நமக்குக் கூட வருவதும் பெரும்பாலும் ஒரு வினை: பிடி, போடு, பார், விடு. ஆங்கிலத்தில் கூட வருவது அப், அவுட், இன், டவுன் போன்ற திசை காட்டும் சின்னச் சொல். அதற்கு வகுப்பில் வால் என்று பெயர் வைத்தோம். வினைக்குப் பின்னால் வருவதால் வால், சொன்ன பேச்சைக் கேட்காமல் சேட்டை செய்வதாலும் வால். பெயர் கனகச்சிதம்.

தமிழில் சரியான ஜோடி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பாயிண்ட் அவுட்டுக்குச் சுட்டிக்காட்டு, தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது. வொர்க் அவுட்டுக்குக் கணக்கைப் போட்டுப் பார். லீவ் அவுட்டுக்கு முதலில் விட்டுவிடு என்று சொல்லித் தொலைத்தேன், "லீவ் அவுட் த ஃபர்ஸ்ட் கொஸ்டின்" என்றால் முதல் கேள்வியை மன்னித்து விட்டுவிடுவது போல ஆகிவிட்டது. இப்போது சேர்க்காமல் விடு என்கிறேன். கோ ஓவருக்கு ஒற்றைச் சொல் தேடி அலுத்துவிட்டேன், முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே வா என்று நீட்டித்தான் சொல்கிறேன், பரவாயில்லை.

ரவுண்ட் அப்புக்குத் தமிழ் ஜோடி தேடுவதை விடக் காலுக்கு வேலை கொடுப்பது நல்லது. தரையில் சாக்பீஸால் 40 முதல் 50 வரை கோடு. ஒரு பிள்ளை 47-இல் நிற்கும். பக்கத்து வீடு எது, 40-ஆ 50-ஆ? மூன்று அடி முன்னால் நடந்தால் 50, அது ரவுண்ட் அப். 43-இல் நிற்பவன் மூன்று அடி பின்னால் வந்தால் 40, அது ரவுண்ட் டவுன். 45-இல் நிற்பவன் பாவம், அந்தரத்தில். அவன் மேலே போகவேண்டும் என்று பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன், "அது அநியாயம்" என்றான். அநியாயம்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். முதலில் சொன்ன அதே 26 பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாலு பேராகப் பிரித்தால் எத்தனை குழு என்றால் 6. எத்தனை பேர் லெஃப்ட் ஓவர் என்றால் 2. நாலு பேர் உட்காரும் படகில் எல்லாரையும் ஏற்ற எத்தனை படகு வேண்டும் என்றால் ரவுண்ட் அப் செய்து 7, ஏனென்றால் மிச்சமுள்ள இரண்டு பேரைக் கரையில் விட்டுவிட்டுப் போகமுடியாது. கணக்கு ஒன்றே ஒன்று, விடை மூன்று. விடையை மாற்றுவது எண் இல்லை, வால். இதைக் கணக்கு சாரிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வகுப்புக் கரும்பலகையின் மூலையிலும் அந்த வாரத்து இரண்டு வால் ஏறிவிட்டது.

இன்னொரு இடைஞ்சல் தமிழுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பல ஃப்ரேசல் வெர்ப்களை நாம் ஏற்கெனவே பெயர்ச்சொல்லாக விழுங்கிவிட்டோம். மேக்கப், செட்டப், பிரேக் டவுன், பிக்கப். "செவன் டேஸ் மேக் அப் எ வீக்" (ஏழு நாள் சேர்ந்தால் ஒரு வாரம்) என்று வாசித்தால் வாரத்துக்குப் பவுடர் பூசுகிறார்களா என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வருகிறது. செட்டப் என்றால் நமக்கு ஏதோ தில்லுமுல்லு, அறிவியல் புத்தகத்தில் "செட் அப் த அப்பரேட்டஸ்" என்றால் கருவிகளை அடுக்கித் தயார் செய். பிரேக் டவுன் என்றால் வண்டி நடுவழியில் நிற்கவேண்டும், ஆனால் 358-ஐ பிரேக் டவுன் செய் என்றால் 300, 50, 8 என்று பிரிக்கவேண்டும். இவற்றை ஒளிக்காமல் முதலிலேயே சிரித்துத் தீர்த்துவிட்டால் நல்லது. "உனக்குத் தெரிந்த செட்டப் வேறு, புத்தகத்து செட் அப் வேறு" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும்.

அடுத்து, நான் வாங்கிய ஒரு அடி. லுக் அப்பில் (அகராதியில் தேடிப் பார்) தேடுகிற சொல்லை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்: லுக் அப் த வேர்ட், லுக் த வேர்ட் அப். ஆனால் இட் என்று சுருக்கினால் நடுவில் மட்டும்தான்: லுக் இட் அப். இதற்கு ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை கையில் லுக் அட்டை, இன்னொன்றின் கையில் அப் அட்டை, த வேர்ட் அட்டை வைத்திருப்பவன் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், இட் வைத்திருப்பவள் மட்டும் ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துகொள்ளவேண்டும். அவ்வளவு குதூகலம். நானும் அந்த உற்சாகத்தில், "இட் எப்பவும் நடுவில்தான்" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். மறுநாள் நோட்டுப் புத்தகத்தில் "கோ இட் ஓவர்", "லுக் இட் இன்டு" என்று வரிசையாக வந்து விழுந்தது. கோ ஓவர், லுக் இன்டு, லுக் ஃபார் எல்லாம் பிரிக்க முடியாத ஜாதி, அவற்றில் இட் கடைசியில்தான் நிற்கும். பிள்ளைகள் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள், விதிதான் பொய். வகுப்பில் நின்று நேற்று சொன்னது தப்பு என்று சொல்லி, ஓட்டை விழாத ஜோடி என்று இவற்றுக்குத் தனியாக ஒரு தாள் ஒட்டினோம். புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் "இதுக்கு நடுவுல ஓட்டை இருக்கா மிஸ்?" என்று முதலில் கேட்கிறார்கள்.

உச்சரிப்பும் ஒரு காரணம். நாம் சொல்லும்போது ஃபைண்ட்டை அழுத்திவிட்டு அவுட்டை முழுங்கிவிடுகிறோம், கடைசி வரிசைக்கு ஃபைண்ட் மட்டும்தான் போய்ச் சேரும். இந்த வகைச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் வாலில்தான் விழும்: கிராஸ் அவுட், ஆட் அப். வாலைச் சத்தமாகச் சொல்லும்போது மேசையில் ஒரு தட்டு. இது இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டது.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் நான் கிராஸ் அவுட் என்றால் எல்லாரும் சரியாக அடிக்கிறார்கள், தாளில் அதே சொல் வந்தால் விழிக்கிறார்கள். ஏன்? ஒரு நாள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பு எடுத்துப் பார்த்தேன். "கிராஸ் அவுட் த ராங் வேர்ட்." பாதி வகுப்பு அசையவில்லை. என் கையைத் தேடுகிறார்கள்! நான் கிராஸ் அவுட் என்று சொல்லும்போதெல்லாம் காற்றில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், ஃபில் இன் என்றால் விரலால் கோடு காட்டியிருக்கிறேன், ஹேண்ட் இன் என்றால் கையை நீட்டியிருக்கிறேன். இத்தனை நாளும் அவர்கள் படித்தது என் கையை, ஆங்கிலத்தை இல்லை. சைகை வேண்டாம் என்று சொல்லவில்லை, முதல் இரண்டு நாள் சைகை இல்லாமல் வண்டி நகராது. மூன்றாம் நாள் கையைக் கட்டிவிடவேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இப்போது அதுதான் சோதனை: நான் சிலை மாதிரி நின்று சொல்வேன், அவர்கள் செய்யவேண்டும். எழுத்துச் சோதனை கிடையாது.

எழுத்துச் சோதனை என்றதும் நினைவுக்கு வருகிறது, அப், அவுட், இன், ஆஃப் என்று நாலைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் பயிற்சியை நான் நிறுத்திவிட்டேன். நாலில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டாலும் நாலுக்கு ஒரு தடவை சரியாக வரும், அதில் எனக்கும் எதுவும் தெரியாது, பிள்ளைக்கும் எதுவும் சேராது. பதிலாக, மிதக்கும் மூழ்கும் சோதனை முடிந்ததும் மூன்று வரி எழுதச் சொல்கிறேன், அந்த வாரத்து இரண்டு வாலும் அதில் வந்தாகவேண்டும். "வீ கேரிட் அவுட் த எக்ஸ்பெரிமென்ட். வீ ஃபவுண்ட் அவுட் த காயின் சிங்க்ஸ்." எழுத்துப்பிழை இருக்கும், பரவாயில்லை, இறந்தகாலம் வாலில் ஒட்டாமல் வினையில் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். முதல் முறை ஒருவன் "கேரி அவுட்டெட்" என்று எழுதியிருந்தான், அவன் கணக்குப்படி அது ஒரே சொல், ஒரே சொல்லுக்குக் கடைசியில்தானே எட் போடவேண்டும். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது.

அப் என்றால் முழுவதும் தீர்ந்தது, அவுட் என்றால் மறைந்திருந்தது வெளியே வந்தது என்று வாலுக்கு வாலாகப் பொருள் சொல்லிக் கொடுக்கும் முறையும் உண்டு. யூஸ் அப், ஃபில் அப், ஆட் அப் எல்லாவற்றிலும் ஒரு நிறைவு இருக்கிறது, ஃபைண்ட் அவுட், வொர்க் அவுட், பாயிண்ட் அவுட் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று வெளிச்சத்துக்கு வருகிறது. எனக்கு அது பிடிக்கும், பெரிய வகுப்புகளில் நன்றாக வேலை செய்யும். சின்னப் பிள்ளைகளிடம் விதியாகச் சொல்ல மட்டும் பயம், ஒரு தடவை சூடு பட்டது போதும். பத்துப் பதினைந்து சேர்ந்த பிறகு, அவுட் வால் உள்ளதையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கச் சொல்லி, எதிலெல்லாம் ஒன்று வெளியே வருகிறது, எதிலெல்லாம் ஒன்றை வெளியே தள்ளுகிறோம் என்று பிரிக்கச் சொல்வேன். கிராஸ் அவுட்டும் லீவ் அவுட்டும் தள்ளுகிற பக்கம் போய் நிற்கும். அவர்களே பிரித்தால் அவர்களுக்கே சொந்தம்.

போன வாரம் அந்த அடுக்கல் நடந்துகொண்டிருந்தபோதுதான், இடது பக்கத்துப் பையன் இரண்டு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றான். ஃபில் இன் த ஃபார்ம், ஃபில் அவுட் த ஃபார்ம். "ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ்?" ஆமாம் என்றேன். "அப்போ உள்ளேயும் வெளியேயும் ஒண்ணா?" கோடு காலியாக இருக்கிறது, அதற்கு உள்ளே எழுதுகிறோம், அதனால் இன்; எழுதி எழுதி படிவம் முழுக்க நிறைந்துவிடுகிறது, அதனால் அவுட் என்று ஏதோ சமாளித்தேன். நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டான். இரண்டு அட்டையையும் எந்தப் பக்கமும் வைக்காமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.